சக்கரைக்கு வீடு பார்த்த கதை

எங்கள் மகளின் மட்டக்குதிரை சக்கரை இப்போது உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் இருக்கிறான். அவனை விற்ற விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது "எவ்வளவுக்குப் போச்சுங்க?" என்றுதான். யார் வீட்டுக்குப் போனான் என்று கேட்டவர்கள் குறைவு. குழந்தைகளுக்குக் குட்டிக் குதிரை வாங்கிக் கொடுக்கிற வீடுகள் எங்கள் பக்கம் கூடிக்கொண்டே வருகின்றன. அந்தக் குழந்தைகளும் வளர்வார்கள், அவர்களும் ஒருநாள் இந்த வேலையைப் பார்க்க வேண்டி வரும். அவர்களுக்காகத்தான் இதை எழுதி வைக்கிறேன்.

சக்கரை செவலை. நாலு காலும் வெள்ளை, நெற்றியிலிருந்து மூக்கு வரைக்கும் வெள்ளைப் பட்டை. குதிரைக்காரர்கள் பஞ்சகல்யாணி என்பார்கள். உயரம் 48 இன்ச். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தியூர் குருநாதசாமி கோவில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கினோம். அன்றைக்கு வாயைத் திறந்து பார்த்தபோது நடுவில் இருந்த பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் பாதி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டரை வயசு. மகளுக்கு அப்போது பத்து.

வாங்கின உடனே ஏற வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார், கோபிச்செட்டிபாளையத்தில் குதிரை வண்டி ஓடின காலத்தில் சொந்தமாக வண்டி வைத்திருந்தவர். அவர்தான் நிறுத்தி வைத்தார். "முதுகு முத்தட்டும் அம்மிணி. நாலு வயசு ஆகோணும். அதுக்கு முன்னால ஏத்துனா பின்னால குதிரையும் அழுகும், நீங்களும் அழுகோணும்." கால்நடை மருத்துவரும் அதையே சொன்னார். குதிரைக்கு முழங்கால் எலும்பு சீக்கிரம் முற்றிவிடும், முதுகெலும்பு முழுசாக முற்ற ஐந்து வயசு தாண்டிவிடும், நாலு வயசாவது ஆகட்டும் என்றார். அதனால் ஒன்றரை வருஷம் யாரும் ஏறவில்லை. தடப்பள்ளி வாய்க்கால் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடை. கரும்பு லோடு ஏற்றின டிராக்டருக்குப் பக்கத்தில் நடை. மாரியம்மன் பண்டிகையில் பம்பை அடிக்கிற இடத்துக்குத் தள்ளி நின்று வேடிக்கை, அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கிட்டே. மூன்று வயசில் காயடித்தோம். அதன்பிறகுதான் அவன் குழந்தைக் குதிரையானான் என்பேன். காயடிக்காத ஆண் குதிரை எவ்வளவு சாதுவாக இருந்தாலும், காற்றில் பெட்டைக் குதிரை வாசம் வந்த நிமிஷம் அவன் வேறு ஆள். பதினோரு வயசுப் பிள்ளையின் கையில் அந்தக் கயிற்றைக் கொடுக்க எனக்கு மனசு வராது.

நாலு வயசு தாண்டி மகள் ஏறினாள். ஒரு வருஷத்துக்கு மேல் இரண்டு பேரும் வாய்க்கால் கரையையே ஆண்டார்கள். அதற்குள் அவள் மளமளவென்று வளர்ந்துவிட்டாள். கால் அவன் வயிற்றுக்குக் கீழே தொங்க ஆரம்பித்தது. கால் தொங்குவது பார்ப்பதற்குத்தான் ஒருமாதிரி, உண்மையான விஷயம் எடை. வீட்டில் எடை மேடை இல்லாவிட்டாலும் டெய்லர் டேப்பை வைத்துக் கணக்குப் போடலாம். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவைச் செ.மீ.யில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தோள்பட்டை முனையிலிருந்து புட்டம் வரைக்கும் உள்ள நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் வரும். சக்கரைக்குச் சுற்றளவு 135, நீளம் 125. சுமார் 192 கிலோ. குதிரை சுமக்கிற பாரம் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான கணக்கு. 38 கிலோ வருகிறது. சேணமும் அதில் சேர்த்தி. மகள் 41 கிலோ, சேணம் 6 கிலோ. இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

"விக்காம வெச்சுக்கலாமில்ல?" என்று அழுதாள். என் மாமியாரும் அவள் கட்சி. வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அவனுக்கு வயசு ஐந்தரை. நல்லபடியாகப் பார்த்தால் மட்டக்குதிரை இருபத்தைந்து வருஷம் வாழும், முப்பதைத் தொடுகிறவையும் உண்டு. வேலை பழகின குதிரையைச் சும்மா கட்டி வைத்து, கொள்ளும் தவிடும் போட்டால் உடம்பு வைக்கும். உடம்பு வைத்த மட்டக்குதிரைக்குக் குளம்புக்குள் அழற்சி வரும். ஒருமுறை வந்தால் அந்தக் காலை முழுசாக நம்ப முடியாது. அதோடு எங்கள் தோட்டத்தில் அவனுக்கு ஜோடி கிடையாது. குதிரை கூட்டத்தோடு வாழ்கிற ஜீவன். இவ்வளவு நாள் மகள்தான் அவனுக்குக் கூட்டம். அவள் ஒன்பதாம் வகுப்பு, டியூஷன் என்று போய்விட்டால் பகல் முழுக்கத் தனியாகத்தான் நிற்பான். இதையெல்லாம் அவளிடம் பொறுமையாகச் சொன்னோம். முடிவை அவளையே எடுக்கச் சொன்னோம். சில நாள் பேசாமல் இருந்தாள். அப்புறம் அவளே ஒரு நோட்டை எடுத்து, "எப்படிப்பட்ட வீடு?" என்று மேலே எழுதிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

இளம் மட்டக்குதிரையை விற்பதில் எனக்கு இருந்த பயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். கிழட்டுக் குதிரையைக் கொடுத்தால் வாங்குகிற வீடே அதன் கடைசி வீடாக இருக்க வாய்ப்பு உண்டு. ஐந்து வயசுக் குதிரைக்கு நாம் பார்க்கிற வீட்டுக்குப் பின்னால் இன்னும் மூன்று நாலு வீடுகள் இருக்கலாம். அந்த வீடுகளை நாம் பார்க்கப் போவதில்லை. எங்கள் ஊர்களில் 48 இன்ச் குதிரை போய்ச் சேருகிற இடங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒன்று, ரேக்ளா வண்டிப் பந்தயம். சிறிய குதிரை, பெரிய குதிரை என்று பிரித்துத் தார் ரோட்டில் விடுகிறார்கள். ரேக்ளாக்காரர்கள் தங்கள் குதிரையைப் பிள்ளை மாதிரி பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தார் ரோட்டில் ஓடி முன்னங்கால் போன குதிரைக்கு அடுத்த வீடு கிடைப்பது கஷ்டம். இரண்டாவது, மெரினா மணல், ஊட்டி ஏரி, கொடைக்கானல் ஏரி. நாளெல்லாம் முன்பின் தெரியாத ஆள் ஏறி இறங்குகிற சவாரி. சீசன் முடிந்தால் அவிழ்த்து விடப்பட்ட குதிரைகள் ஊட்டி ரோட்டில் குப்பை மேய்வதை அந்தப் பக்கம் போனவர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மூன்றாவது, கல்யாண ஊர்வலமும் நாட்டியக் குதிரையும். மேளத்துக்குக் கால் தூக்கி ஆடப் பழக்குகிற விதம் ஆளுக்கு ஆள் மாறும், சில இடங்களில் பார்க்கவே முடியாது.

சந்தைக்குக் கொண்டுபோகவே கூடாது என்பதில் வீட்டில் எல்லாரும் ஒரே பேச்சு. அந்தியூர்ச் சந்தை மேல் எனக்குப் பிரியம் உண்டு. திப்பு சுல்தான் காலத்திலிருந்து நடக்கிறது என்று சொல்லிக்கொள்வார்கள். காத்தியவார், மார்வார் என்று எங்கெங்கோ பிறந்த குதிரைகளை ஒரே மைதானத்தில் பார்க்கலாம். ஆனால் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசி முடிகிற அந்த நேரத்தில் குதிரையின் குணம் யாருக்கும் தெரியாது. வாங்குகிறவர் வீட்டில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்பதும் தெரியாது. நோய் பயம் வேறு. தாடைக்குக் கீழே கட்டி வந்து மூக்கில் சீழ் வடிகிற ஸ்ட்ராங்கிள்ஸ் ஒரு குதிரையிடமிருந்து இன்னொன்றுக்குச் சுலபமாகத் தொற்றும். கிளாண்டர்ஸ் அதைவிடக் கொடுமை. தடுப்பூசியே கிடையாது, மனுசருக்கும் தொற்றும், உறுதியானால் சட்டப்படி குதிரையைக் கொன்று புதைக்க வேண்டியதுதான்.

தரகர் ஒருவர் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். நாலு காலின் வெள்ளையையும் நெற்றிப் பட்டையையும் பார்த்தார். ராசிக்குப் பார்க்கிற முடிச் சுழிகளை, கழுத்துச் சுழி, மார்புச் சுழி, விலாச் சுழி என்று விரல் வைத்துத் தேடினார். "சுழி சுத்தம்ங்க. பஞ்சகல்யாணி கட்டுன வீடு செழிக்கும்னு கேட்டுட்டு நிக்கிறாங்க" என்று நாங்கள் நினைத்தே பார்க்காத ஒரு தொகையைச் சொன்னார். சுழி நம்புகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, என் மாமனாரும் பார்ப்பார். எனக்கு உறுத்தியது ஒன்றுதான். அவர் சக்கரையின் காலைத் தூக்கிப் பார்க்கவில்லை, நடக்க வைத்துப் பார்க்கவில்லை, ஏறின குழந்தை யார் என்று கேட்கவில்லை. ராசிக்கு வாங்குகிற வீட்டில் ஒரு கெட்டது நடந்தால் பழி யார் மேல் விழும்? என் வீட்டுக்காரர் காபி கொடுத்து அனுப்பி வைத்தார்.

அதற்கப்புறம் நாங்களே ஒரு குறிப்பு எழுதி, தெரிந்த மருத்துவர், லாடம் கட்டுகிறவர், கோயமுத்தூரில் குதிரை ஏற்றம் சொல்லிக் கொடுக்கிறவர்கள் எல்லாருக்கும் அனுப்பினோம். எழுதினது மகள். வயசு, உயரம், காயடித்தது, போட்ட ஊசிகள், தின்கிற தீவனம் எல்லாம் எழுதிவிட்டு, அவன் குணத்தை ஒன்றுவிடாமல் எழுதினாள். நீல பிளாஸ்டிக் தார்ப்பாய் காற்றில் அடித்தால் பக்கவாட்டில் ஒதுங்குவான். மற்ற குதிரை முன்னால் ஓடினால் அவனும் ஓடப் பார்ப்பான். தனியாகக் கட்டினால் கத்துவான். 38 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது. இதுவரை முழு ஓட்டம் பழக்கவில்லை, நடையும் சின்ன ஓட்டமும்தான். "இவ்வளவும் சொன்னா யார் வாங்குவாங்க?" என்று என் தம்பி கேட்டான். ஆனால் சொல்லாமல் விற்ற குதிரை ஒரே மாசத்தில் கை மாறும். தார்ப்பாய்க்கு ஒதுங்கி ஒரு பிள்ளை விழுந்தால், அன்று சாயங்காலமே தரகருக்குப் போன் போய்விடும்.

அந்தக் குறிப்பில் வயிற்றை ஊதுகிற விஷயமும் இருந்தது. சேணம் போட்டு வாரை இழுக்கும்போது சக்கரை மூச்சைப் பிடித்து வயிற்றை உப்ப வைத்துக்கொள்வான். பார்ப்பதற்கு வார் இறுக்கமாக இருக்கும். காது மட்டும் பின்னால் நம் பக்கம் திரும்பி இருக்கும், கண் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். பத்தடி நடந்ததும் மூச்சை விடுவான், வாருக்கும் வயிற்றுக்கும் நடுவே நாலு விரல் நுழையும். அப்படியே ஏறினால் சேணம் வயிற்றுக்குக் கீழே சுற்றிவிடும், ஆள் தரையில். அதனால் முதலில் மெதுவாக ஒரு துளை, நாலு எட்டு நடத்தி இன்னொரு துளை, ஏறுவதற்கு முன்னால் கடைசித் துளை. முரட்டுத்தனமாக ஒரே இழுப்பில் இழுத்துப் பழகின குதிரைகள்தான் இதை அதிகம் செய்யும் என்று பெரியவர் சொல்வார். வாங்க வந்தவர்களை எடை போட எனக்கு இந்த வாரே போதுமாக இருந்தது.

ஒருவர் மகனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கேட்டு வந்தார். நல்ல மனுசர். பையன் புது ஹெல்மெட், புது பூட்ஸோடு காரை விட்டு இறங்கினான், சக்கரை கனைத்ததும் அப்பாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அதில் தப்பொன்றும் இல்லை. "எங்கே கட்டுவீங்க?" என்றேன். போர்ட்டிகோவைப் போட்டோவில் காட்டினார். வழவழ டைல்ஸ். லாடம் அடித்த குதிரை அதில் ஒரு நாள் நிற்காது, வழுக்கி விழுந்து இடுப்பு போய்விடும். பையனை முதலில் ஆறு மாசம் எங்காவது பழகவிடுங்கள், அவனாகவே குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிற நாள் வந்தால் வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பினோம். இன்னொருவர் வாரை ஒரே இழுப்பில் இறுக்கிவிட்டு, திரும்பி முறைத்த சக்கரையின் மூக்கில் ஒரு தட்டுத் தட்டினார். மகள் அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டு பேசாமல் கொட்டகைக்கு நடந்துவிட்டாள். அதற்கு மேல் நாங்களும் எதுவும் பேசவில்லை.

உடுமலைக்காரர்களை அனுப்பியது லாடம் கட்டுகிற அண்ணன். அவர்களிடம் பதினெட்டு வயசில் ஒரு கிழட்டுப் பெட்டை இருக்கிறது. அவர்கள் வீட்டு மூத்த பையன் அதில் பழகிக் கல்லூரிக்குப் போய்விட்டான். இப்போது அண்ணன் தம்பி பிள்ளைகள் இரண்டு, எட்டு வயசுப் பெண்ணும் ஆறு வயசுப் பையனும். வந்தது அப்பா அம்மா இல்லை, பாட்டியும் பேத்தியும். அந்த ஆத்தா வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு நேரே கொட்டகைக்குப் போனார். சாணியை உதைத்துப் பார்த்தார், கொள்ளு அரையும் குறையுமாகச் செரிக்காமல் வருகிறதா என்று. காலை ஒவ்வொன்றாகத் தூக்கச் சொன்னார். பிறகு என்னிடம், "ஏனுங்க, இது எந்தப் பக்கம் ஆள் நின்னா மொறைக்கும்?" என்று கேட்டார். வலது பக்கம். எல்லாரும் இடது பக்கமே நின்று பழக்கியதால் வலது பக்கம் அவனுக்கு இன்னும் கொஞ்சம் புதுசு. அதைக் கேட்க அவர் ஒருவருக்குத்தான் தோன்றியது.

அந்தச் சின்னப் பெண் வாரை ஒரு துளை இறுக்கினாள், கழுத்தைத் தடவிக்கொண்டே நடத்தினாள், நின்று இன்னொரு துளை. யாரும் சொல்லித் தரவில்லை. அவர்கள் வீட்டுக் கிழட்டுப் பெட்டையும் அப்படித்தானாம். ஏறி உட்கார்ந்தபோது கடிவாளத்தை இழுத்துப் பிடிக்காமல், கையைத் தாழ்த்தி வைத்திருந்தாள். மகள் கூடவே நடந்து போனாள். திரும்பி வரும்போது இரண்டு பேரும் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகும் நாங்கள் போய் அவர்கள் இடத்தைப் பார்த்தோம். மண் தரை, மேட்டில் கொட்டகை, தோப்பு நிழல், சுற்றிலும் முள்கம்பி இல்லாத வேலி. குதிரை கட்டுகிற இடத்தில் முள்கம்பி இருந்தால் எவ்வளவு நல்ல மனுசராக இருந்தாலும் கொடுக்காதீர்கள், தோல் கிழிந்து எலும்பு தெரிகிற காயங்கள் அதில்தான் வருகின்றன. கிழட்டுப் பெட்டையின் பல்லும் குளம்பும் நன்றாக இருந்தன. வேலை முடிந்த குதிரையை ஒரு வீடு எப்படி வைத்திருக்கிறது என்று பார்த்தால் நம் குதிரையின் வயசான காலம் தெரிந்துவிடும்.

தொகை தரகர் சொன்னதைவிடக் குறைவுதான். சேணத்தையும் கடிவாளத்தையும் அதிலேயே சேர்த்துக் கொடுத்தோம், அவன் முதுகுக்கு அளவெடுத்துச் செய்தது இன்னொரு குதிரைக்குப் பொருந்தாது. முத்திரைத்தாளில் ஒரு ஒப்பந்தம் எழுதினோம். ரேக்ளாவுக்கோ சவாரித் தொழிலுக்கோ விடக்கூடாது, விற்க வேண்டி வந்தால் முதலில் எங்களுக்குச் சொல்ல வேண்டும், அதே விலைக்கு நாங்களே எடுத்துக்கொள்வோம். இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கோர்ட் வாசலில் யாரும் நிற்கப் போவதில்லை. ஆனாலும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக எழுதும்போது எதிரில் இருப்பவர் எதற்குத் தயங்குகிறார் என்பது தெரிந்துவிடும். ஆத்தா எதற்கும் தயங்கவில்லை. "ஒரு மாசம் பாத்துக்கலாம், ஒத்துக்கலைன்னா கொண்டாந்து உட்டர்றோம்" என்று அவராகவே ஒன்று சேர்த்தார்.

அனுப்புவதற்கு முன்னால் ரத்தம் எடுத்துக் கிளாண்டர்ஸ் சோதனைக்குக் கொடுத்தோம். இதற்கான முதன்மை ஆய்வு மையம் ஹரியானா மாநிலம் ஹிசாரில் இருக்கிறது, முடிவு வரக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டோம். சின்ன ஆணிக் காயத்திலிருந்தே குதிரைக்கு ரணஜன்னி வந்துவிடும், இதில் யாரும் சிக்கனம் பார்க்கக் கூடாது. பயணத்துக்குத் தகுதியாக இருக்கிறான் என்று மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கினோம். வண்டித் தளத்தில் மணல் கொட்டி, மேலே வைக்கோல் பரப்பி, விடிகாலையில் நம்பியூர், அவிநாசி, பல்லடம் வழியாகக் கிளப்பினோம். வழியில் நிறுத்தித் தண்ணீர் காட்டினோம். எங்கள் தீவனம் ஒரு மூட்டையும் கூடவே போனது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வயிற்றில் சேராதது போனால் வலியில் புரண்டு உயிரே போகும். பழைய தீவனத்தோடு புதுசைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பத்து நாளில் மாற்றச் சொல்லி மகள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அந்தத் தாள் அவர்கள் கொட்டகைத் தூணில் ஒட்டியிருக்கிறது.

முதல் சில வாரம் அவனைக் கிழட்டுப் பெட்டையிடமிருந்து தள்ளி, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். நோய் எதுவும் இல்லை என்று உறுதியாவதற்காக. ஆரம்பத்தில் இரவெல்லாம் கத்தினான் என்று ஆத்தா மறைக்காமல் சொன்னார். மகள் போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள், வெகுநேரம் பேசிவிட்டுத்தான் வந்தாள். இப்போது இரண்டையும் ஒன்றாக அவிழ்த்து விடுகிறார்களாம். பெட்டை இரண்டு தரம் கடித்து வழிக்குக் கொண்டுவந்துவிட்டதாம். அந்தப் பெண் வலது பக்கமிருந்து ஏறி இறங்கப் பழக்கிக்கொண்டிருக்கிறாள்.

நேற்று போன் செய்தார்கள், இடது பின்னங்குளம்பின் ஓரம் கொஞ்சம் பிளந்திருக்கிறது என்று. லாடம் கட்டுகிற அண்ணன் வருகிற வாரம் அந்தப் பக்கம் போகிறார். மகளும் அவரோடு போகிறேன் என்கிறாள். சனிக்கிழமை டியூஷனுக்கு லீவு சொல்லச் சொல்லியிருக்கிறாள்.